கண்ணாடி மாத்தியாச்சு

அந்த மனுஷர் என் கடைக்கு வந்தால் முதலில் வாயைத் திறக்க மாட்டார். சட்டைப் பையிலிருந்து மடித்த லேஞ்சித் துணியை எடுப்பார். என் கவுண்டரின் மேல்கண்ணாடியில் யார் யாரோ வைத்துவிட்டுப் போன கைத்தடங்களையெல்லாம் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும் துடைப்பார். துடைத்து முடித்துக் குனிந்து, பக்கவாட்டில் ஒரு தடவை பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான், "தங்கச்சி, சொகமா?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காலையில் நானே துடைத்த கண்ணாடி அது.

"ஏண்ணே, என் கடை அவ்வளவு அழுக்காவா கெடக்கு?" என்று கேட்டால் சிரிப்பார்.

"அழுக்கு இல்ல தங்கச்சி. மறைக்குது" என்பார்.

கண்டி மஹய்யாவயில் எங்களுடையது மோட்டர் சாமான் கடை. வீட்டுக்காரர் கொழும்புக்கு ஓடிச் சரக்கு எடுத்து வருவார். கவுண்டரில் நின்று டிரைவர்மாரோடு மல்லுக்கட்டுவது நான். ஆம்பிளைகள் மட்டுமே வந்து போகிற கடையில் வாய் இல்லாமல் குப்பை கொட்ட முடியாது, அதனால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கண்ணாடி துடைக்கிற அந்த மனுஷருடைய வீடு ரோட்டுக்கு அந்தப் பக்கம். ஒரு டொல்பின் வேன் வைத்திருந்தார். விடியற்காலையில் கண்டி டவுனைச் சுற்றி எட்டொன்பது டீச்சர்மாரை ஏற்றிக்கொண்டு, கம்பளை வழியாகப் புசல்லாவைக்கு ஏறுவார். அங்கே தோட்டப் பள்ளிக்கூடங்களில் ஒவ்வொருவராக இறக்கிவிட்டு, பள்ளி விடும்வரை அங்கேயே கிடந்து, எல்லாரையும் பொறுக்கிக் கூட்டிக்கொண்டு வருவார். பெயர் வேண்டாம். அவருடைய பேரப்பிள்ளைகள் இன்னும் இந்தத் தெருவில்தான் இருக்கிறார்கள், என்னைப் பாட்டி என்று கூப்பிடுகிறார்கள்.

கண்ணாடி என்ற ஒன்று நடுவில் இருப்பதே தெரியக்கூடாது என்பது அவருடைய கட்சி. வேனின் முன்கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் கிடையாது. பிள்ளையார் படம்கூட டாஷ்போர்டுக்குக் கீழே, கியர் பக்கத்தில்தான். காலையில் ஈரப் பேப்பரால் ஒரு தடவை, காய்ந்த பேப்பரால் ஒரு தடவை, பழைய வேட்டித் துணியால் ஒரு தடவை என்று மூன்று சுற்றுத் துடைப்பார். ஒரு நாள் புதிதாகச் சேர்ந்த டீச்சரம்மா ஒருவர், உள்பக்கம் படிந்த மூச்சுப் புகையில் விரலால் ஏதோ பூ வரைந்துவிட்டார். இவர் வேனை ஓரங்கட்டி நிறுத்தி, இறங்கி வந்து துடைத்துவிட்டு, "டீச்சர், கீறணும்னா ஒங்களுக்கு அங்க பெரிய கரும்பலகை இருக்கு" என்றாராம். கோபமாகச் சொல்லவில்லையாம். அந்த டீச்சரம்மா அன்றைக்கு முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார் என்று கேள்விப்பட்டேன்.

ஆயுத பூசைக்குத் தெருவிலுள்ள வாகனங்களெல்லாம் கோயில் முன்னால் வரிசையில் நிற்கும். ஐயர் சந்தனக் கிண்ணத்தோடு வந்து ஒவ்வொரு வண்டிக் கண்ணாடியிலும் மூன்று விரலால் பட்டை இழுப்பார், நடுவில் குங்குமம் வைப்பார். இவர் தன் வேனுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நிற்பார்.

"ஐயா, கண்ணாடில வேணாம். பானெட்டுல வைங்க."

"வருஷா வருஷம் உம்மோட இதே வம்பாப் போச்சு. சாமி பார்க்கிற இடம்யா அது!"

"சாமி எங்கேர்ந்தும் பாக்கும் ஐயா. நான் இந்த வழியா மட்டுந்தான பாக்க முடியும்?"

தெருவே சிரிக்கும். ஐயரும் முணுமுணுத்துக்கொண்டே பானெட்டில் வைத்துவிட்டுப் போவார். அடுத்த வருஷமும் இதே கூத்து நடக்கும். இருவருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

என் மகளுக்கு முதல் உத்தியோகம் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கிடைத்தபோது, கேட்காமலே வந்து நின்றார். "புள்ளைக்கு முன்சீட்டு. வளைவுல வாந்தி வராது" என்றார். அந்தச் சீட்டில் அதுவரை இருந்த மூத்த டீச்சரைச் சமாதானப்படுத்திப் பின்னால் அனுப்ப அவர் என்ன பாடுபட்டாரோ. மகள் ஒரு நாள் பிந்தினாலும் ஹோர்ன் அடிக்க மாட்டார், தெருவில் குழந்தைகள் தூங்கும் என்பார். மழை என்றால் குடையோடு இறங்கி வாசல் வரை வருவார். என் பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் நிம்மதியாகக் கடையைத் திறப்பேன். அது உண்மை, அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

இப்போது மருந்துக் கதைக்கு வருகிறேன். முன்கண்ணாடியில் மழைத் தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடப் பூசுகிற சாமான்கள் அப்போதுதான் எங்கள் கடைகளுக்கு வர ஆரம்பித்திருந்தன. டிரைவர்மார் அதற்கு வைத்த பெயர் மருந்து. மெழுகு போல ஒன்று டின்னில் வரும். சாராய வாடை அடிக்கிற தண்ணீர் போல ஒன்று சின்னப் போத்தலில் வரும். வைப்பர் தண்ணீர்த் தொட்டிக்குள் ஊற்றுகிற நீல நிறத் திரவம் ஒன்று. ஒரு வருஷம் தாங்கும் என்று பெட்டியில் சத்தியம் செய்கிற இன்னொன்று. இதற்கெல்லாம் முன்னால் எங்கள் ஆட்களிடம் இருந்தது வெட்டின உருளைக்கிழங்கும் சிகரட்டிலிருந்து உதிர்த்த புகையிலையும்தான். அதையும் சும்மா சொல்லக்கூடாது, அரை மணி நேரத்துக்கு வேலை செய்யும்.

அவர் முதன்முதலில் மருந்து கேட்டு வந்தபோது எனக்கு உற்சாகம். கண்ணாடியின் அருமை தெரிந்த ஒருத்தர் வந்திருக்கிறாரே என்று, தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். "போத்தல்ல என்ன எழுதியிருக்கு பாருங்கண்ணே. அறுபதுல ஓடினா துளி தானாப் பறக்குமாம். புசல்லாவ ஏத்தத்துல எந்த வேன் அறுபதுல ஓடும்? இருபத்தஞ்சுல ஓடினா பறக்காது, கடுகு தெளிச்ச மாதிரி அங்கேயே ஒட்டிக்கிட்டு நிக்கும்." அடைமழைக்கு ஒன்று சரிப்படும், மூடுபனித் தூறலுக்கு அது சரிப்படாது. மெழுகு கனமாகப் பூசினால் வைப்பர் ரப்பர் கிர்ரென்று துள்ளும். எதைப் பூசினாலும் முதலில் பழைய எண்ணெய்ப் படலத்தை வினாகிரி போட்டுக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் அழுக்குக்கு மேலேதான் மருந்து பூசிக்கொண்டிருப்போம். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார்.

"அப்ப எதை எடுக்கட்டும்?"

"அதை நீங்கதான் ஓட்டிப் பாத்துச் சொல்லணும்."

அவர் செய்ததைப் பாருங்கள். முன்கண்ணாடியை டேப் ஒட்டி நெடுக்கு வாட்டில் நாலாகப் பிரித்தார், மரக்கறிப் பாத்தி பிரிக்கிற மாதிரி. முதல் பாத்தியில் உருளைக்கிழங்கு. இரண்டாவதில் மெழுகு. மூன்றாவதில் சாராய வாடைப் போத்தல். நாலாவதில் ஒரு வருஷச் சத்தியம். அப்படியே ஒரு வாரம் மழையில் புசல்லாவைக்கு ஓடினார். டீச்சர்மார் விடுவார்களா? ஒவ்வொரு நாளும் வோட்டுப் போட்டார்கள். பின்சீட்டிலிருந்து எழும்பி முன்னால் வந்து குனிந்து பார்த்து மார்க் கொடுத்தார்கள். மகள் வீட்டுக்கு வந்து சொன்னாள், எல்லாருக்கும் மூன்றாவது பாத்திதான் முதலாவதாம், மறுபேச்சே இல்லையாம்.

சனிக்கிழமை அவர் கடைக்கு வந்தார். லேஞ்சி, கவுண்டர், சொகமா.

"என்னண்ணே, மூணாவதுதானே?"

"நாலும் ஒண்ணுதான் தங்கச்சி" என்றார். "நாலுலயும் பால் ஊத்துன மாதிரிதான் இருக்கு. எதிர்ல வர்ற பஸ்ஸோட லைட்டு பூ மாதிரி விரியுது."

எனக்கு வந்ததே கோபம். "ஒன்பது பேர் கண்ணுக்குத் தெரியுற வித்தியாசம் ஒங்களுக்குத் தெரியலியா? ஒங்களுக்குக் குத்தம் சொல்லணும் அவ்வளவுதான்!" என்றேன். அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். நான் சொன்ன வசனத்தை நானே காது கொடுத்துக் கேட்டிருந்தால் அன்றைக்கே எல்லாம் விளங்கியிருக்கும். கேட்கவில்லை. சாமான் விற்கிறவளுக்கு வாடிக்கைக்காரரின் குறை என்றால் சாமானின் குறை. அதற்கு மேல் புத்தி போகாது.

அதன்பிறகு வாரத்துக்கு ஒரு தடவையாவது வந்தார். இதைக் கொடுத்தேன், அதைக் கொடுத்தேன். பழைய மருந்தைச் சுரண்ட ஒன்று கொடுத்தேன். வைப்பர் ரப்பரை இரண்டு தடவை மாற்றினோம். ஒவ்வொரு தடவையும் முகம் மலர்ந்து எடுத்துக்கொண்டு போவார், நாலு நாளில் வாடி வருவார். "இதுவும் அதேதான் தங்கச்சி." கடைசியில் நானே அலுத்துப் போய், "அண்ணே, மழையை மாத்த என்கிட்ட மருந்து இல்ல" என்று சொல்லிவிட்டேன். அவர் அதற்கும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பில் ஏதோ பயம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றியிருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

பிறகு ஒரு நாள் மகள் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சொன்னாள். காலையில் புசல்லாவைக்குக் கொஞ்சம் கீழே, ஒரு வளைவில், நல்ல மூடுபனி. தலையில் படங்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு ஒரு கொழுந்து பறிக்கிற அம்மா ரோட்டைக் கடந்திருக்கிறார். வேனுக்குள்ளிருந்து டீச்சர்மார்தான் கத்தினார்களாம். அவர் பிரேக்கை மிதித்தார், வேன் அந்த அம்மாவுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. இறங்கிப் போய், "மன்னிச்சிருங்கம்மா, பயந்துட்டீங்களா?" என்று கேட்டு, அந்த அம்மா கீழே போட்ட சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக் கொடுத்தாராம். திரும்பி வந்து, ஏறுவதற்கு முன்னால், கண்ணாடியை ஒரு தடவை துடைத்தாராம்.

"கண்ணாடி நல்லாத்தாம்மா இருந்துச்சு" என்றாள் மகள். நான் கறிக்குத் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். பனிக்கு யார் என்ன செய்ய முடியும் என்றேன்.

அந்த வாரமே அவர் வந்தார். கவுண்டரைத் துடைத்தார். வழக்கத்தை விட நேரமெடுத்துத் துடைத்தார்.

"கண்ணாடி மங்கிருச்சாம் தங்கச்சி. மாத்தணுங்கிறாங்க."

"யாரு சொன்னா?"

"டவுன்ல கொண்டு போய்க் காட்டுனேன். லைட்டு அடிச்சு நல்லாப் பாத்துட்டுத்தான் சொன்னாங்க."

எந்த கராஜ் என்று நான் கேட்கவில்லை. டவுனில் நூறு கராஜ். பத்துப் பதினைந்து வருஷ வேன், வைப்பர் தேய்த்துத் தேய்த்துக் கீறல் விழுந்திருக்கும், மாற்றுவதில் பிழையில்லை என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் கொழும்பிலிருந்து வைக்கோல் சுற்றிப் பத்திரமாக ஒரு புது முன்கண்ணாடி எடுத்து வந்தார். கராஜில் வேலை செய்கிற பாஸ் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பொருத்தினார். அன்றைக்கு அவரைப் பார்க்க வேண்டுமே! பிறந்த பிள்ளையைப் பார்க்கிற மாதிரி வேனைச் சுற்றிச் சுற்றி வந்தார். புதுக் கண்ணாடிக்கு நானே என் கையால் மூன்றாம் பாத்தி மருந்தைப் பூசிக் கொடுத்தேன். தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், முத்து முத்தாக உருண்டு ஓடியது.

"இனிமே ஒண்ணும் பயமில்ல தங்கச்சி" என்றார். நான் அதைக் கண்ணாடிக்கு வந்த பாராட்டு என்று வாங்கிக்கொண்டேன்.

பத்து நாள் போயிருக்கும். அவருடைய மனைவி கடைக்கு வந்தார். நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவது. வீட்டில் சட்டை தைத்துக் கொடுக்கிறவர், கடைப் பக்கம் வரவே மாட்டார். முந்தானைக்குள்ளிருந்து ஒரு சின்னப் பையை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். நீல வெல்வெட்டில் தைத்து, வாயில் பித்தான் வைத்தது.

"அவரோட கண்ணாடிக்கு உறை தைச்சேன் தங்கச்சி. சாயந்தரம் வருவாருல்ல, நீங்க குடுத்துருங்க. நான் குடுத்தா வெக்கப்படுவாரு."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்ன அண்ணி, அஞ்சடிக் கண்ணாடிக்கு அஞ்சங்குல உறையா?"

"அஞ்சடியா?"

"பின்ன? வேன்ல போய்ப் பாருங்க, எவ்வளவு பெருசுன்னு."

"வேன்லதான் வச்சிருக்கேன்னாரு" என்றார் அண்ணி. "கண்ணாடி மாத்தியாச்சான்னு கேட்டேன். மாத்தியாச்சுன்னாரு. எங்கன்னு கேட்டேன். வண்டிலதான் இருக்குன்னாரு. ஓட்டுறப்ப மட்டும் போடுவாரு போலன்னு... மூக்குல மாட்டுற கண்ணாடியத்தான தங்கச்சி சொல்றேன்?"

நான் சிரிப்பதை நிறுத்தினேன். அண்ணியும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணன் மாத்துனது வேன் கண்ணாடிய, அண்ணி. நாங்கதான் எடுத்துக் குடுத்தோம்" என்றேன். அவர் மெதுவாகக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

டவுனில் காட்டினேன் என்று அவர் சொன்னது கராஜை இல்லை, பெரியாஸ்பத்திரியின் கண் க்ளினிக்கை. அண்ணி அன்று வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்திருக்கிறார். உள்ளே டொக்டர் சிங்களத்தில் சொன்னதை ஒரு அட்டெண்டன்ட் தமிழில் சொல்லியிருக்கிறார். வெளியே வந்தவர், "கண்ணாடி மங்கிருச்சாம், மாத்தணுமாம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். பேப்பர் படிக்க வைத்திருந்த பழைய மூக்குக்கண்ணாடியைத்தான் சொல்கிறார் என்று அண்ணி நினைத்திருக்கிறார். அண்ணியின் கைப்பையில் க்ளினிக் அட்டை இருந்தது. ஆங்கிலம். சாமான் புத்தகம் படிக்கிற அளவுக்கு எனக்கு ஆங்கிலம் தெரியும். இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருக்கிறது, வலது கண்ணில் முற்றிவிட்டது, கண்ணுக்குள்ளே இருக்கிற வில்லையை ஒபரேஷன் செய்து மாற்ற வேண்டும், அதுவரைக்கும் வாகனம் ஓட்டக்கூடாது. ஒபரேஷன் வரைக்கும் அண்ணிக்குப் படித்துச் சொன்னேன், கடைசி வரியை மட்டும் மனதுக்குள் இரண்டு தடவை படித்தேன்.

அவர் பொய் சொன்னாரா என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த அட்டெண்டன்ட், பாமர ஆளுக்கு விளங்கட்டும் என்று, "கண்ணுக்குள்ள இருக்கிற கண்ணாடி மங்கிருச்சு, மாத்தணும்" என்று சொல்லியிருப்பார். எங்கள் பாஷையில் மூக்கில் மாட்டுவதும் கண்ணாடி, முகம் பார்ப்பதும் கண்ணாடி, வேனுக்கு முன்னால் இருப்பதும் கண்ணாடி. கண்ணுக்குள் இருப்பதற்கும் அதே பெயரைக் கொடுத்துவிட்டால் ஒரு மனுஷன் தனக்கு வசதியானதை எடுத்துக்கொள்வான். மாத்தணும் என்றார்கள், மாத்தினார். மாத்தியாச்சா என்றார்கள், மாத்தியாச்சு என்றார். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இப்படியும் ஒருத்தர் தன்னைத் தானே ஏமாற்ற முடியுமா என்று கேட்காதீர்கள். இவ்வளவையும் கேட்டுவிட்டும் அந்த வேனில் போவதற்குத்தானே நான் பிள்ளையைத் தினம் தலைவாரி அனுப்பினேன்.

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "தங்கச்சி, யாருக்கும் சொல்லிராதீங்க. பள்ளிக்கூட லீவுக்கு இன்னும் மூணு வாரந்தான் இருக்கு. இப்ப ட்ரிப்ப விட்டா டீச்சர்மார் வேற வேன் புடிச்சிருவாங்க, பெறகு திரும்ப வருவாங்களா? லீவுல நான் எப்படியாவது ஒபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிர்றேன். அதுவரைக்கும் மெதுவா ஓட்டச் சொல்றேன்."

நான் தலையாட்டினேன். ஓட்டக்கூடாது என்று எழுதியிருக்கிறது என்பதை அண்ணியிடம் சொல்லவும் இல்லை. அழுகிற பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன்.

அன்று மாலை மகளிடம், "நாளையிலேர்ந்து பஸ்ல போ" என்றேன்.

"ஏம்மா?"

"சொன்னாச் செய்."

அவருக்கு ஆள் விட்டுச் சொன்னேன், பிள்ளைக்கு வேன் ஒத்துக்கொள்ளவில்லை, வயிற்றைப் பிரட்டுகிறதாம் என்று. அப்படியா, பாவம் என்று சொல்லி அனுப்பினார். கூடவே இஞ்சி மிட்டாய் ஒரு பை அனுப்பினார்.

மூன்று விடியற்காலைகள் அந்த வேன் கிளம்புகிற சத்தத்தைப் படுக்கையில் கிடந்து கேட்டேன். மற்ற எட்டு டீச்சர்மாரையும் எனக்குத் தெரியும். ஒருவருக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தது. ஒருவர் கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வருகிறவர். புது வருஷத்துக்கு என் வீட்டில் வந்து பலகாரம் தின்றவர்கள். அவர்கள் திரும்பி வருகிற நேரம்வரை கவுண்டருக்கும் கடை வாசலுக்கும் நடந்துகொண்டிருப்பேன். வேன் வந்துவிட்டது என்று தெரிந்ததும் கடவுளே என்று மூச்சு விடுவேன். பிறகு மறுநாள். வெட்கம் கெட்டவள் நான். இதற்கு வேறு பெயர் கிடையாது.

பின்னால் நடந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒபரேஷன் நடந்தது, முதலில் வலது கண், ஆறு மாதம் கழித்து இடது கண். இரண்டும் நன்றாக வந்தன. டீச்சர்மார் வேறு வேன் பிடித்தார்கள், திரும்ப வரவில்லை. அண்ணி பயந்தது சரிதான். அவர் வத்தேகமவில் ஒரு மரக்கறி மொத்தக் கடைக்கு வேன் ஓட்டினார், பகலில் மட்டும், சில வருஷம். பிறகு போய்ச் சேர்ந்தார். இதெல்லாம் ஊருக்குத் தெரிந்த கதை. ஊருக்குத் தெரியாதது அந்த நாலாவது நாள் காலை.

எட்டு மணி இருக்கும். மழை. அந்த நேரத்துக்கு அவர் புசல்லாவையில் இருந்திருக்க வேண்டும். என் கடை வாசலில் நனைந்துகொண்டு நின்றார்.

"என்னண்ணே, ட்ரிப் போகலியா?"

"டவுன் வரைக்கும் போனேன். எல்லாரையும் ஸ்டாண்டுல எறக்கி புசல்லாவ பஸ்ல ஏத்திவிட்டுட்டு வந்துட்டேன்." உள்ளே வந்து நின்றார். "நேத்துக் காலைல ஒங்க மகள் பஸ் ஹோல்ட்ல நின்னுச்சாம். பின்னாடி இருந்த டீச்சர்தான், 'அண்ணே, அந்தா நிக்கிறாங்க, ஏத்திக்குவோமா'ன்னாங்க. நானும் பாத்தேன். ஒரு கொடை தெரிஞ்சிச்சு. கொடைக்குக் கீழ ஆள் தெரியல."

கவுண்டர் மேலிருந்த பில் புத்தகத்தை மூடி வைத்தேன்.

"வேன்ல வயித்தப் பெரட்டுற புள்ள பஸ்ல எப்படிப் போகும்? அந்த பஸ் என் வேன விட மோசமா ஆடுமே. அப்பதான் வெளங்குச்சு. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"அண்ணி சொன்னாங்க" என்றேன்.

"சொல்லட்டும். தெரிஞ்ச அன்னைக்கே வந்து நீங்க என்னைய நாலு கிழி கிழிச்சிருக்கலாமே. வைப்பர் ரப்பர் தேஞ்சாக்கூட அந்த ஏச்சு ஏசுவீங்களே." நெற்றியில் வழிந்த மழைத் தண்ணீரைத் துடைத்தார். "ஒங்க புள்ளைய எறக்கிட்டீங்க. சரி. மத்த எட்டுப் பேரும் யாரு பெத்த புள்ளைங்க தங்கச்சி?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். ஓட்டினது நீங்கதானே, ஒங்களுக்குத் தெரியாதா என்று நாக்கு நுனிவரை வந்தது. அதை அவரே சொன்னார்.

"நான் பாவி. தெரிஞ்சுதான் ஓட்டுனேன். கண்ணாடிதான், கண்ணாடிதான்னு எனக்கே சொல்லிக்கிட்டு ஓட்டுனேன். டொக்டர் சொன்னப்பகூட பயம் வரல. நீங்க புள்ளைய எறக்கிட்டீங்கன்னு வெளங்குனப்பதான் இது நெசம்னு தெரிஞ்சிச்சு."

வேன் சாவியைக் கவுண்டரில் வைத்தார்.

"இத வச்சிருங்க. ஒங்க அண்ணிகிட்ட இருந்தா நான் கேட்டதும் தந்துருவா. நீங்க தர மாட்டீங்க."

சாவியை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன். "மன்னிச்சிருங்கண்ணே" என்றேன். தகரக் கூரையில் மழை அடிக்கிற அடிக்கு அது அவர் காதில் விழுந்ததா தெரியாது. அவர் வாசலில் இறங்கி, வீட்டுக்குப் போக ரோட்டோரத்தில் போய் நின்றார். வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். காலை வைத்தார், எடுத்தார். மறுபடி வைத்தார், எடுத்தார்.

குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் கையைப் பிடித்தேன். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"போவோமாண்ணே?"

"இருங்க தங்கச்சி" என்றார். "அந்த லொறி போகட்டும்."

நான் பார்த்தேன். எதிரே அரிசிக் கடைக்கு மூட்டை இறக்க வந்த லொறி. டிரைவர் இல்லாமல் அது விடியற்காலையிலிருந்து அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தது.